அச்சேறும் எழுத்தின் பொறுப்பு

நூலின் உயிர் அதன் கருத்து. காகிதமும் மையும் கட்டும் அதன் உடல். கைபேசித் திரையிலேயே கருத்து கிடைத்துவிடும் இக்காலத்தில், அந்த உடலைப் பேணுவது வெறும் பற்று அல்லவா? உடல் ஒரு கருவியே என்று பயின்றவர்களிடமிருந்தும் இக்கேள்வி எழுகிறது. ஆனால் கருவி என்பதாலேயே ஒன்றை அலட்சியம் செய்யலாமா என்பது சிந்திக்கத் தக்கது.

ஸ்ரீ ஜயதயாள் கோயந்தகா என்னும் வணிகர், சத்சங்க அன்பர்களுக்காகக் கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் பகவத்கீதையை அச்சிடக் கொடுத்தார். பிழைகள் மலிந்திருந்தன; திருத்தங்கள் வளர்ந்துகொண்டே போயின. 'இத்தனை சுத்தமாக வேண்டுமானால் நீங்களே ஓர் அச்சகம் தொடங்குங்கள்' என்று அச்சகத்தார் கூறிவிட்டதாகச் சொல்வர். 1923-இல் கோரக்பூரில், ஒரு வாடகை வீட்டில் கீதா பிரஸ் தோன்றியது.

அவரது பிடிவாதத்திற்குக் காரணம் உண்டு. சம்ஸ்கிருதத்தில், புணர்ச்சியில் மறைந்த அகரத்தைக் காட்டும் அவக்கிரகம் என்ற சிறு குறி விடுபட்டால், 'அஞ்ஞானம்' என்று கொள்ள வேண்டிய இடத்தில் 'ஞானம்' என்று கொள்ள நேரலாம். மெய்ப்புத் திருத்துவது அங்கே சத்தியத்தைக் காக்கும் செயலாகிறது.

பக்க அமைப்பும் அத்தகையதே. மூல சுலோகம் பெரிய எழுத்தில், பதம் பிரித்த பொருள் அடுத்து, விளக்கம் சிறிய எழுத்தில் என்று அமைந்த பக்கம், எது முனிவரின் வாக்கு, எது உரைகாரரின் கருத்து என்பதை வாசகருக்கு மறைக்காமல் காட்டுகிறது. துளசிதாசரின் ராமாயணம் அங்கே கையடக்கப் பதிப்பாகவும், பெரிய எழுத்துப் பதிப்பாகவும் வெளிவருகிறது. ஒன்று பயணம் செய்பவரை நினைத்தது. மற்றொன்று கண் மங்கிய முதியவரை நினைத்தது. நூல் வடிவமைப்பு என்பது அலங்காரம் அன்று. முகம் அறியாத ஒருவரின் தேவையை முன்கூட்டியே உணரும் கருணை.

மின்னூலின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். பார்வையற்றவர் அதைக் காதால் கேட்கலாம். அரிய நூல் நொடியில் கிடைக்கும். எனினும் அதன் நிலையாமையும் கண்கூடு. 2009-ஆம் ஆண்டு ஜூலையில், உரிமையின்றி விற்கப்பட்ட ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, வாங்கியவர்களைக் கேளாமலே அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் அகற்றியது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கோரப்பட்டது. ஆயினும் படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து நூல் போனது போனதுதான். வீட்டு அலமாரியில் இருக்கும் அச்சு நூலை விற்றவர் அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது.

இதனினும் ஆழமான வேறுபாடு எழுதுபவர் மனத்தில் நிகழ்கிறது. திரையில் உள்ள பிழையை நாளை திருத்தலாம். அந்த வசதியே இன்றைய கவனத்தைத் தளர்த்துகிறது. அச்சுக்குச் செல்லும் கடைசித் தாளைப் பார்ப்பவருக்கு நாளை என்பது இல்லை. தம் பிழை ஆயிரம் பிரதிகளில் பல்லாண்டுகள் வாழும் என்று அவர் அறிவார். அந்த அறிவு அவரைப் பணிவுள்ளவராக்குகிறது; ஒருமுறைக்கு இருமுறை படிக்க வைக்கிறது. அதற்குச் சிரத்தை என்று பெயர்.

எனவே காக்க வேண்டியது காகிதத்தின் மீதுள்ள பற்றை அன்று, காகிதம் கற்றுத் தந்த அந்தச் சிரத்தையை. அதைத் திரைக்கும் கொண்டுசெல்ல இயலும், கொண்டுசெல்லவும் வேண்டும். ஆனால் திருத்த முடியாத ஒன்றின் முன் நின்று பழகாதவருக்கு அது எளிதில் கைவருவதில்லை.