கடன் யாருக்கு?

பணமுடையில் தள்ளாடும் அணியை விட்டுப் பயிற்சியாளர் கிளம்பினால் அது துரோகமா? 2025 ஜூலையில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியிலிருந்து பயிற்சியாளர் ஓவன் கோய்ல் விலகிய நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் குளிர்காலச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இந்தியாவில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் சென்னை ஆட்டத்தைப் பார்ப்பவன் நான். அதனால் இது எனக்கு வீட்டு விஷயம்.

ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதைக் காட்டி, ஜூலை 11 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் கோய்லும் அணியும் பேசிப் பிரிந்தார்கள். ஆகஸ்டில் அணி தன் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது.

கோய்லுக்கு விலகல் புதிதல்ல. 2010 ஜனவரியில், தொடரின் நடுவில், இங்கிலாந்தின் பர்ன்லி அணியை விட்டுப் போல்டன் அணிக்குப் போனார். அந்த ஆண்டே பர்ன்லி தரமிறங்கியது. ரசிகர்கள் அவரை யூதாஸ் என்றார்கள். அந்த விலகலும் சென்னை விலகலும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. அங்கே ஆட வேண்டிய ஆட்டங்கள் பாதி மீதமிருந்தன; இங்கே அப்போது தொடரே இல்லை.

நிற்பதா, போவதா என்ற இந்தக் கேள்வியை நம் பட்டிமன்றங்கள் பல காலமாகப் பேசிவருகின்றன. கும்பகர்ணனா, வீடணனா? ஒருவன் செஞ்சோற்றுக்கடனுக்காக நின்று மாண்டான். மற்றவன் அறத்துக்காக அண்ணனை விட்டுப் போனான். கம்பன் இருவரையும் தாழ்த்தவில்லை. நின்றவனும் போனவனும் அதற்கு முன் இராவணனின் முகத்துக்கு நேரே 'நீ செய்வது தவறு' என்று சொன்னவர்கள். அந்தச் சொல்தான் இருவரின் முடிவுக்கும் தகுதி தந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் சோறே வராத இடத்தில் செஞ்சோற்றுக்கடன் ஏது? ஹைதராபாத் எஃப்சியைப் பாருங்கள். மனோலோ மார்க்கேஸ் பயிற்சியில் 2022-ல் கோப்பை வென்ற அணி. 2023-ல் அவர் கோவாவுக்குப் போனார். அடுத்த தொடரில் சம்பளப் பாக்கி, ஃபிஃபாவின் தடை, வெளிநாட்டு வீரர்கள் பெரும்பாலோர் வெளியேற்றம். பயிற்சியாளர் தங்போய் சிங்டோ மட்டும் இளம் இந்தியப் பையன்களை வைத்துக்கொண்டு அந்தத் தொடரை முடித்தார். மொத்தம் 8 புள்ளிகள், கடைசி இடம். அந்தத் தொடரில் அவர்கள் வென்ற ஒரே ஆட்டம், 2024 மார்ச்சில், சென்னையில், நம் அணிக்கு எதிராக. தோற்ற வருத்தத்தையும் மீறி அன்று அந்தப் பையன்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். சிங்டோ தீர்த்த கடன் முதலாளிக்கு உரியதல்ல, அந்தப் பையன்களுக்கு உரியது.

இப்படித் தன்னை நம்பியவர்களுக்குக் கடன் தீர்த்த ஒருவரை நான் வேறோர் இடத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். ரூட் 1 பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கியது. எங்கள் மேலாளர் இந்நாட்டுக் குடிமகன். வேறு வேலை கையில் இருந்தது. எங்களில் பாதிப் பேர் எச்1பி வேலை விசாவில் இருந்தோம். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அவர் கிளம்புவதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு, நிறுவனத்தின் கையிருப்பு எவ்வளவு என்று எங்களிடம் உள்ளபடி சொன்னார். பிறகு வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் பெயரையும், விசா முடியும் தேதியையும் எழுதி, எதிரே தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதினார். அந்த வாரம் முழுக்கப் போனில் இருந்தார். அதன்பின் போனார். அவரை ஓடிப்போனவர் என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை.

செஞ்சோற்றுக்கடனை நாம் எப்போதும் மேல்நோக்கியே கணக்கிடுகிறோம்: யார் சோறு போட்டார், யாருக்கு நன்றி. என்னை நம்பி வந்தவர்களுக்கு நான் பட்ட கடன் அதைவிடப் பெரியது. வேறு வேலை, வேறு தேசம், வேறு அணி என்று போக்கிடம் உள்ளவருக்கு அந்தக் கடன் கூடுதல். போக்கிடமில்லாத இருபது வயதுப் பையனுக்குக் குறைவு.

ஆகவே விலகுவதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். கிளம்புகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பேன்: உள்ள நிலைமையை மேலே உள்ளவரிடமும் கீழே உள்ளவரிடமும் சொன்னீர்களா? பையன்களுக்கு ஒரு வழி பார்த்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், மனநிறைவோடு போய் வாருங்கள். இல்லையென்றால், கடைசிவரை நின்றிருந்தாலும் உங்கள் கடன் தீரவில்லை.