விண்ணின் சாட்சியும் மண்ணின் உண்மையும்

பிறையைக் கண்டதாக ஒருவர் வந்து கூறினால், காஜியார் உடனே தலையசைத்து விடுவதில்லை. எந்தத் திசையில் கண்டீர், எவ்வளவு உயரத்தில் கண்டீர், பிறையின் முனைகள் எப்புறம் நோக்கியிருந்தன என்றெல்லாம் வினவுவார். வந்தவர் பொய்யர் என்ற ஐயத்தினால் அன்று. கண் கண்டது எது, மனம் கண்டதாக எண்ணிக்கொண்டது எது என்று பிரித்தறிவதற்காகவே வினவுகிறார். மேகம் வானை மூடிவிட்டாலோ ஊகத்துக்கு அங்கே இடமில்லை. மாதத்தை முப்பது நாளாக நிறைவு செய்து கொள்கிறோம். காணாததைக் காணவில்லை என்று ஒப்புக் கொள்வதையும் ஒழுங்காக்கி வைத்த மார்க்கம் நம்முடையது.

இந்த ஒழுங்கு பிறைக்கு மட்டுமே உரியதன்று. விண்ணிலிருந்து காடுகளை அளக்கும் இக்கால அறிவியலுக்கும் இது வேண்டும் என்பதே என் துணிபு.

1972 ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக் கோளைச் செலுத்தியது முதல், பூமியின் பசுமையை வானிலிருந்து படமெடுக்கும் கலை பெரிதும் வளர்ந்துள்ளது. பிரேசில் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காட்டின் அழிவைக் கணக்கிட்டு வருவது இக்கலையின் உதவியால்தான். காலால் நடந்து அளக்க இயலாத பெருவெளி அது. ஆகவே இக்கருவிகளைப் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். நாம் கேட்க வேண்டுவது காஜியார் கேட்கும் கேள்வியைத்தான்: நீ கண்டது என்ன?

நம் நாட்டையே எடுத்துக் கொள்வோம். டேராடூனில் 1981 இல் அமைந்த இந்திய வன அளவை நிறுவனம், 1987 முதல் காட்டுப் பரப்பைக் கணித்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையின்படி அப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு. இங்கே காடு என்பதற்கு என்ன பொருள்? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரத்தழைகளின் விதானம் பத்து விழுக்காடு இருந்தால் போதும். நிலம் யாருடையது, மரம் எவ்வகையது என்ற கேள்வி இல்லை. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இதில் அடங்கும். அறிக்கை இதனை ஒளிக்கவில்லை. வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. செயற்கைக் கோள் கண்டது இலைகளிலிருந்து திரும்பிய ஒளியை. "காடு பெருகிவிட்டது" என்று முழங்குவோர், அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் இடுகின்றனர்.

மற்றொன்றும் உண்டு. முதல் அறிக்கையில் 400 ஹெக்டேருக்குக் குறைந்த திட்டுகள் கணக்கிலேயே வரவில்லை. பின்னர், 2001 ஆம் ஆண்டின் அறிக்கை முதல், ஒரு ஹெக்டேர் திட்டும் கணக்கில் ஏறியது. கண் கூர்மையடைந்ததைக் காடு வளர்ந்ததாகக் கொள்ளலாமா? இரண்டு படிகளால் அளந்த நெல்லை ஒரே கணக்கில் எழுதும் வணிகனை நாம் நேர்மையாளன் என்போமா?

நீலகிரியின் உச்சிகளில் சோலைக் காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டுவதில் அப்புல்வெளிக்குப் பெரும்பங்குண்டு. வரையாடு மேய்வது அங்கே. தோடர்கள் தம் எருமைகளை மேய்த்ததும், தம் கோயில்களுக்குக் கூரை வேயப் புல் அறுத்ததும் அங்கேதான். ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்ட வாட்டில் எனும் சீகை மரம் அப்புல்வெளிகளில் பரவிவிட்டது. விதானத்தை மட்டும் எண்ணும் கணக்கில், புல்வெளி இருந்தவரை அது காடன்று. சீகை மூடியதும் அது காடு! இழப்பு வரவாக எழுதப்படுகிறது. அந்த மண்ணை அறிந்த தோடர் ஒருவர் "எங்கள் மலை அழிகிறது" என்று கூறினால், அது செவிவழிச் செய்தியாகிறது. அங்கே ஒரு நாளும் கால் வைக்காத எண்ணோ சான்றாகிறது. நீதி தவறும் இடம் இதுவே.

இனி எடையைப் பார்ப்போம். மரங்களில் அடங்கிய கரியின் அளவு இன்று சந்தையில் விலை பேசப்படுகிறது. அதனை அறியப் புதிய கருவிகள் எழுந்துள்ளன. 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஒரு கருவி, லேசர் ஒளி பாய்ச்சி மரங்களின் உயரத்தை அளக்கிறது. 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய கோளோ, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளால் இலைகளை ஊடுருவி அடிமரத்தையும் கிளைகளையும் நாடுகிறது. வியத்தகு முயற்சிகள்! ஆயினும் ஓர் இலவ மரமும் ஒரு கருங்காலியும் ஒரே உயரமும் பருமனும் கொண்டு நின்றால், எது பஞ்சு போன்ற இலகு கட்டை, எது இரும்பு போன்ற கட்டை என்று வானத்துக் கண் எங்ஙனம் அறியும்? அதற்கு யாரோ ஒருவர் காட்டுக்குள் சென்று, மரத்தின் இனத்தை அறிந்து, மார்பளவு உயரத்தில் நாடா சுற்றி அளந்திருக்க வேண்டும். விண்ணின் கணக்கு இறுதியில் மண்ணின் சாட்சியத்தையே நம்பி நிற்கிறது. அச்சாட்சியம் இல்லாத இடத்தில் கரியை விற்பவர், தராசை எட்டி நின்றே பார்த்தவர். அளவையில் மோசம் செய்வோர் மீதான எச்சரிக்கையோடு திருமறையின் 83 ஆம் அத்தியாயம் தொடங்குவதை நாம் மறத்தலாகாது.

"எல்லா அறிவும் குறையுடையதுதானே? நாடா பிடித்து அளப்பவனும் தவறமாட்டானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தவறுவான், ஐயமில்லை. அளவற்ற காட்டுக்குக் குறையுள்ள அளவேனும் இருப்பது நன்றே. ஆனால் குறை இருப்பது குற்றமன்று. குறையை மறைப்பதே குற்றம். தன் பார்வையின் எல்லையைச் சொல்லிச் சாட்சி பகர்பவன் நேர்மையான சாட்சி. எல்லையை மறைத்தவன், கண்டதைச் சொல்லும்போதும் பொய்ச் சாட்சியாகி விடுகிறான்.

உதிரும் ஒவ்வோர் இலையையும் அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் நம்பிக்கை. அவனுக்குத் தொலைவென்பது இல்லை. நமக்கோ, எத்துணை உயரம் சென்றாலும் தொலைவு உண்டு. அருகே நின்றாலும் மறைவு உண்டு. ஆகவே காட்டைப் பற்றிய எண் ஒன்று நம் முன் வரும்போது, மகிழ்வதற்கும் வருந்துவதற்கும் முன்னர் காஜியாரைப் போல் கேட்போம்: கண்டது எது? காணாதது எது? அந்த நிலத்தில் நிற்பவரை வினவினீர்களா? இம்மூன்றுக்கும் விடை தருகின்ற எண்ணை ஏற்போம். விடையில்லாத எண்ணை, மேகம் மூடிய இரவின் பிறையைப் போல் நிறுத்தி வைப்போம்.