விண்வெளியில் துப்புரவு வேலை



மேகமற்ற அந்திவேளைகளில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மேலே நட்சத்திரம் போன்ற ஒளிப்புள்ளியொன்று ஓசையின்றி நகர்ந்து செல்வதைச் சில நாட்களில் மாத்தளையிலிருந்தே காணலாம். அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அங்கு வாழ்வோருக்கு நாளொன்றில் பதினாறு தடவை சூரியன் உதிக்கிறது!

இதனை வியக்காதவர் யார்? எனினும், அங்கே நடைபெறும் வீட்டுவேலையைப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இந்திய வம்சாவளியினரான சுனித்தா வில்லியம்ஸ், 2012ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் தலைவியாக இருந்தவர். அப்போது நிலையம் முழுவதையும் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். மலசலகூடத்தையும் காட்டி, எடையற்ற நிலையில் கழிவைக் காற்றினால் உறிஞ்சும் விதத்தை எவ்விதக் கூச்சமுமின்றி விளக்கினார். 2024 ஜூன் மாதம் அவர் மீண்டும் சென்றபோது, சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் பம்பி பழுதடைந்திருந்தது. புதிய பம்பியை ஏற்றுவதற்காக அவருடையதும் சக வீரர் புட்ச் வில்மோருடையதுமான உடுப்புப் பெட்டிகள் இறக்கப்பட்டன. எட்டு நாள் பயணமென்று புறப்பட்டவர்கள் 286 நாட்களின் பின்னரே திரும்பினார்கள் என்பது வேறு கதை.

சனிக்கிழமைகளில் அங்கே துப்புரவு வேலை. தூசி உறிஞ்சுவதும், சுவர்களைத் துடைப்பதும், மலசலகூடத்தைச் சுத்தம் செய்வதும் விஞ்ஞானிகளும் விமானிகளும் வைத்தியர்களுமே. இதனால் அவர்களில் எவருடைய மதிப்பாவது குறைந்ததுண்டா?

"வேறு ஆளில்லை, அதனால் செய்கிறார்கள்" என்பீர்கள். உண்மைதான். வேலைக்கு ஓர் ஆளைக் கூட்டிப்போக முடிந்திருந்தால் அவர்களும் நம்மைப் போலவே நடந்திருக்கக் கூடும். ஆனால் இந்த வாதம் நமக்கே எதிராகத் திரும்புகிறது. வேலையிலேயே இழிவு இருந்தால் அது நிலையத் தலைவியிடமும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. அப்படியாயின், நம் பட்டணத்துக் கானையும் கக்கூசையும் சுத்தம் செய்பவரிடம் காணப்படும் இழிவு எங்கிருந்து வந்தது? அங்கே முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள். இங்கோ பாட்டன் செய்ததைப் பேரனும் செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். அங்கே கையுறை இல்லாமல் எவரும் அதைத் தொடுவதில்லை. இங்கே கையுறை கேட்டால், "இவனுக்கு எதற்கு?" என்கிறோம்.

அறுபது வயதானவரை நம் பிள்ளைகள் "டேய்" என்றழைக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால், எந்தக் கோப்பையில் கொடுக்கிறோம்?