எறும்புக்குக் கண் உண்டா?

இளங்குழந்தைகளைத் தோட்டத்தில் விட்டால் அவர்கள் முதலில் செய்வது ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதே. வேப்பிலையின் ஓரம் அரம்போல் இருக்கிறது. புங்கிலையின் ஓரம் அவ்வாறில்லை. எலுமிச்சைச் செடியின் புழு முதலில் பறவை எச்சம்போல் தோன்றிப் பின்னர்ப் பச்சை நிறம் கொள்கிறது; எருக்கஞ்செடியின் புழுவோ வரிவரியாய் இருக்கிறது. இவற்றை எவரும் கற்பியாமலே கண்டு சொல்வர். ஆயினும் நம் சமூகத்துப் பெற்றோர்க்கு இங்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

ஒன்று, கையைப் பற்றியது. பிள்ளை பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைப்பான், தட்டானுக்கு நூல் கட்டுவான், இலையைப் பறிப்பான். இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே வருத்துதலை விலக்குகிறது. ஓரறிவுயிரிடத்தும் தேவையின் அளவைக் கடவாதே என்கிறது. எனவே வண்டும் தட்டானும் வாதத்திற்கே இடமற்றவை. இலைக்கு, உதிர்ந்தது போதும். முனிவர் ஏந்தும் பிஞ்சிகை மயில் தானே உதிர்த்த பீலியால் ஆனது என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். (பாட ஏட்டில் ஒட்டுவதற்காகப் பச்சை இலையைப் பறித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் பெரியவர்களே!)

மற்றது நுட்பமானது. எறும்பு மூவறிவுயிர், அதற்குப் பார்வை இல்லை என்பது நம் ஆகம மரபு; தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூவறிவுயிராகவே வைக்கிறது. ஆனால் உருப்பெருக்கியின் வழியே கட்டெறும்பைப் பார்க்கும் சிறுமி, தலையின் இருபுறமும் கண்களைக் காண்கிறாள். ஈரறிவுயிர் என்று பயின்ற நத்தைக்கும் நீண்ட கொம்புகளின் நுனியில் கண் இருக்கிறது. "பாட்டி, புத்தகத்தில் தவறா?" என்று கேட்டால் என் சொல்வது?

வாயடக்கு என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். மும்மணிகளுள் நற்காட்சியை முதலில் வைத்த சமயம், கண்டதைக் காணவில்லை என்று சொல்லக் குழந்தையைப் பழக்கலாகாது. தான் ஒருவனே உணர்கிறவன் என்று செருக்கிய மனிதனுக்குப் புல்லும் புழுவும் உணர்கின்றன என்று அறிவுறுத்தவே முன்னோர் அறிவுகளை எண்ணினர். எறும்புக்குப் பார்வையும் உண்டெனில் நம் கவனம் ஒரு படி உயரவேண்டுமேயன்றிக் குறைய வழியில்லை.

பன்னிரண்டு வயதில் அவளே வேறொன்று கேட்பாள்: "எண்ணிக்கை பிழையாயின், கொல்லாமையும் பிழையோ?" இக்கேள்வியை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆனால் கொல்லாமை கண்களின் எண்ணிக்கைமீது நிற்பதன்று. செல்லும் எறும்பின் வழியில் விரலை வைத்தால் அது தயங்கித் திரும்புகிறது. அதைக் காண உருப்பெருக்கியும் வேண்டா, நூலும் வேண்டா.

மழை விட்ட மறுநாள் செந்நிறத் தம்பலப்பூச்சிகள் மண்ணில் ஊரும். அவற்றுக்குக் கால்கள் எட்டு; எறும்புக்கு ஆறு. பெற்றோர் பிள்ளைகளுடன் தாமும் குந்தி எண்ணட்டும்; தீப்பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.