காப்பதா, கட்டிப்போடுவதா?

வயிறார உணவு, வேளைக்கு மருந்து, வெள்ளை விரிப்பு! முதுமைக்கு இவை போதும் என்போர் உளர். போதுமா? கேட்கிறோம் நாம்!

மணியடித்துப் பிள்ளைகளை நடத்தும் ஆசிரியர் நாம். முதியோரையும் அவ்வண்ணமே நடத்துவது முறையா?

2003-இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோ நகரில், மருத்துவர் பில் தாமஸின் திட்டப்படி சிறு இல்லங்கள் எழுந்தன. இல்லத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கோர் அறை, அனைவர்க்கும் ஒரே உணவு மேசை. எழும் நேரத்தை மணியோசை அல்ல, முதியவரே முடிவு செய்வார்.

"விழுந்துவிட்டால்?" என்பர் சிலர். அச்சம் நியாயமே. ஆயினும், விழாதிருக்கக் கட்டிலோடு கட்டிப்போடுவது காப்பு அன்று, சிறை! கைபிடிக்க ஆள் வேண்டும், கைவிலங்கு வேண்டாம். தளர்ந்தது நடை, உரிமை அன்று.

கதவைத் தட்டி, விடை பெற்றபின் நுழைவோம். நுழைபவர் நாம், வீடு அவருடையது!