பிழை உண்டு; ஆனால் எங்கே?

ஓர் எண் நமக்கு அறம் கற்பிக்க இயலுமா? இயலும் என்றே கருதுகிறேன். 147573952589676412927 என்பது அந்த எண். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண் கிடைக்கும்.

மினிம் சபைத் துறவியும் கணித அறிஞருமான மரின் மெர்சென், 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், இவ்வகை எண்களுள் பகா எண்கள் எவை எனப் பட்டியலிட்டார். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். நம் எண்ணும் அப்பட்டியலில் இடம்பெற்றது. 1876இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார்ட் லூக்காஸ், அது பகா எண் அன்று என நிறுவினார். இதில் ஒரு விந்தை உண்டு. எவ்வெண்கள் அதை வகுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. காரணிகளைக் காணாமலேயே, வேறொரு சோதனையால் அம்முடிவை எட்டினார்.

காரணிகள் வெளிப்பட மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1903இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில், பிராங்க் நெல்சன் கோல் 193707721, 761838257287 என்னும் இரு எண்களை முன்வைத்தார். அவர் ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையில் அவற்றைப் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்று பின்னாளில் எழுதினர். காண்பது அரிது, கண்டதைச் சரிபார்ப்பது பள்ளிச் சிறுவனுக்கும் இயலும்.

பிழை உண்டு என்று அறிவது வேறு. அது எங்கே என்று அறிவது வேறு. இவ்வேறுபாட்டை நான் மறந்த நாள் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பங்குத் திருவிழாக் கணக்கில் 900 ரூபாய் குறைந்தது. பிழை இருந்தது உண்மை. நானோ வசூல் செய்த இளைஞரைப் பலர் முன்னிலையில், "தம்பி, மீதிப் பணம் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். இரு நாள் கழித்துப் பதிவேட்டைப் புரட்டினேன். 4500 என்பதை 5400 என நானே மாற்றி எழுதியிருந்தேன். அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி" என்றார். ஆனால் அடுத்த ஆண்டு வசூலுக்கு அவர் வரவில்லை.

லூக்காஸ் தாம் அறிந்த அளவே சொன்னார். காரணி இதுவென ஊகித்து எதையும் சுட்டவில்லை. நானோ ஓர் எண்ணிலன்று, ஒரு மனிதர்மீது ஊகத்தைச் சுமத்தினேன். குடும்பத்திலும் ஊரிலும் எழும் பூசல்களில் நாம் பெரும்பாலும் செய்வது இதுவன்றோ?

மெர்செனின் பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன: இரண்டைத் தவறாகச் சேர்த்தார், மூன்றை விட்டுவிட்டார். எனினும் அவ்வெண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பிழையைத் திருத்தியவர்கள் அவர் பெயரை அழிக்க முற்படவில்லை. அந்த இளைஞர் இழந்த பெயரை, என் மன்னிப்பு முழுமையாக மீட்டுத் தந்ததா என நான் இன்றும் அறியேன்.