பிறேக் ஒயிலும் மனச்சான்றும்

ஆவணி 15ஆந் திகதி மடு அன்னையின் திருவிழா. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வான் பிடித்துப் புறப்படுவது வழக்கம். "பிறேக் திருத்தியாயிற்று" என்று கராஜில் சொன்னதும், சாரதி சாவியை வாங்கிக்கொண்டால் போதுமா?

போதாது. குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றும்போது ஒயிலும் சேர்ந்து வெளியேறுகிறது. ஆகவே பொனற்றைத் தூக்கி, ஒயில் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சில நாட்களின் பின் மட்டம் இறங்கினால், வெறுமனே ஊற்றி நிரப்புவது தவறு. எங்கோ கசிவு இருக்கலாம். அல்லது பிறேக் பாட் தேய்ந்திருக்கலாம். குறையை மறைப்பது அதை நீக்குவதாகாது.

இது இயந்திர விடயம் மட்டுமா? பின்னால் அமர்ந்து செபமாலை சொல்லும் தாய் பொனற்றைத் திறந்து பார்ப்பதில்லை, சாரதியை நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அசட்டை செய்பவன் ஐந்தாம் கட்டளையையே அசட்டை செய்கிறான்.

பாவசங்கீர்த்தனமும் இத்தகையதே. மன்னிப்புப் பெற்றதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இரவுதோறும் ஆன்ம சோதனை செய்வோம். அதே பாவம் திரும்பி வந்தால், கசிவு எங்கே என்று தேடுவோம். அன்னையின் பாதுகாவலை மன்றாடுவோம். ஆனால் நாம் பார்க்க வேண்டியதை நாமே பார்ப்போம்.